விளையாட்டு வீரர்களின் ஈசிஜி: எது பயிற்சியின் தடம், எது நோயின் அறிகுறி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீரர்களின் ஈசிஜியை ஏன் தனி அளவுகோலில் பார்க்க வேண்டும்?

வாரத்துக்கு நாலு மணி நேரமாவது தொடர்ந்து கடுமையாகப் பயிற்சி செய்பவரின் இதயம் அதற்கேற்ப மாறிக்கொள்கிறது. அறைகள் விரிகின்றன, சுவர் சற்றுத் தடிக்கிறது, ஓய்வில் இருக்கும்போது, துடிப்பை மெதுவாக்கும் வேகஸ் நரம்பின் பிடி இறுகுகிறது. ஈசிஜி என்ற இதய மின்பதிவில் துடிப்பு குறைவது, பிஆர் இடைவெளி (மேலறையிலிருந்து கீழறைக்கு மின்தூண்டல் சேரும் நேரம்) நீள்வது, க்யூஆர்எஸ் (கீழறைகளான வென்ட்ரிக்கிள்கள் தூண்டப்படும்போது எழும் கூரான அலை) உயர்வது எல்லாம் இதன் விளைவுகள். நெஞ்சுவலியோடு வந்த 60 வயதுக்காரருக்கான அளவுகோலை இந்தத் தாளின் மேல் வைத்தால், நல்ல உடம்புக்காரர் பலர் ஒரே நாளில் நோயாளி ஆகிவிடுவார்கள்.

இன்னொரு தவறும் உண்டு, அதுதான் ஆபத்தானது. "வீரர்தானே, இப்படித்தான் இருக்கும்" என்று எல்லாவற்றையும் பயிற்சியின் கணக்கில் எழுதிவிடுவது. பயிற்சி அலையை உயர்த்தும், துடிப்பை நிதானப்படுத்தும். பக்கவாட்டு லீடுகளில் (இதயத்தை ஒவ்வொரு கோணத்திலிருந்து காட்டும் பதிவுகள்தான் லீடுகள்) டி அலையை, அதாவது கீழறைகள் ஓய்வுக்குத் திரும்பும் அலையைக் கவிழ்க்காது, க்யூஆர்எஸ்ஸுக்கும் டி அலைக்கும் இடைப்பட்ட எஸ்டியைக் கீழே இழுக்காது, கீழறைக்குத் தூண்டலைக் கொண்டுசெல்லும் இடது கட்டுக் கிளையை அடைக்காது. கீழே வரும் பதில்களில் பெரும்பாலானவை இந்த ஒரு வேறுபாட்டின் விரிவுதான்.

இப்போது புழக்கத்தில் இருப்பது 2017இல் வெளியான சர்வதேச அளவுகோல். 2010இன் ஐரோப்பியப் பரிந்துரை, 2013இன் சியாட்டில் அளவுகோல், 2014இன் திருத்திய அளவுகோல் ஆகியவற்றுக்குப் பின் வந்தது இது. 12 முதல் 35 வயது வரை, அறிகுறி இல்லாதவர்களுக்கானது. மயங்கி விழுந்தவர், உழைக்கும்போது நெஞ்சு இறுகுபவர், குடும்பத்தில் இளம் வயதில் திடீர் மரணம் கண்டவர் ஆகியோருக்கு ஈசிஜி சுத்தமாக இருந்தாலும் விசாரணை முடிந்துவிடாது.

பதிவு எடுக்கும்போது என்ன கவனிக்க வேண்டும்?

தவறான முடிவுகளில் கணிசமானவை வாசிப்பில் பிறப்பதில்லை, எலக்ட்ரோடு ஒட்டும்போதே பிறந்துவிடுகின்றன.

மார்பில் ஒட்ட வேண்டியவை வி1 முதல் வி6 வரை ஆறு. முதலில் மார்பெலும்பின் மேல் விரலை ஓட்டி, துருத்திக்கொண்டிருக்கும் மேட்டைக் கண்டுபிடியுங்கள். அதற்கு நேர் பக்கத்தில் இரண்டாவது விலா. அங்கிருந்து இறங்கி நான்காவது இடைவெளியில், எலும்பின் வலது ஓரத்தில் வி1, இடது ஓரத்தில் வி2. ஐந்தாவது இடைவெளியில் காறை எலும்பின் நடுக்கோட்டில் வி4. வி3 என்பது வி2க்கும் வி4க்கும் நடுவில். அதனால் வி4ஐ ஒட்டிய பிறகே வி3. வி5, வி6 இரண்டும் வி4இன் அதே கிடைமட்டத்தில், விலாவின் வளைவைப் பின்தொடராமல், அக்குளின் முன்கோட்டிலும் நடுக்கோட்டிலும். பெண்களுக்கு வி4 மார்பகத்தின் அடிமடிப்பின் கீழ் வரும்.

அடிக்கடி நடக்கும் பிழை, வி1, வி2 இரண்டையும் ஓரிரு இடைவெளி மேலே ஒட்டிவிடுவது. தாளில் இதற்குத் தடயம் உண்டு: வி1இல் பி அலை (மேலறைகளின் அலை) முழுக்கக் கீழ்நோக்கி இருக்கும், வி2இலும் பி அலை கீழே திரும்பியிருக்கும். கூடவே இரட்டை முகடான ஆர்எஸ்ஆர் வடிவமும் கவிழ்ந்த டி அலையும் வந்து, பயப்படத் தேவையில்லாத ஒருவரைப் பயமுறுத்தும். கை வயர்கள் மாறினால் லீடு ஒன்றில் பி, க்யூஆர்எஸ், டி மூன்றும் தலைகீழாகும், ஏவிஆர் என்ற லீடு நிமிர்ந்து நிற்கும். இரண்டில் எதைக் கண்டாலும் அறிக்கை எழுத உட்காராதீர்கள், மறுபடி எடுங்கள்.

வேகம் விநாடிக்கு 25 மி.மீ., அளவு ஒரு மில்லிவோல்ட்டுக்கு 10 மி.மீ. உயரமான அலைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் சில மெஷின்கள் தாமாகவே அளவைப் பாதியாக்கிவிடும். ஓரத்தில் அச்சாகும் அளவுப் பெட்டியைப் பார்க்காமல் மில்லிமீட்டர் எண்ணுவது வீண். தசை நடுக்கத்துக்கான 40 ஹெர்ட்ஸ் ஃபில்டரைப் போட்டால் கோடு அழகாக இருக்கும். ஆனால் க்யூஆர்எஸ்ஸின் தொடக்கத்தில் கீழிறங்கும் சின்னக் க்யூ அலையும், அதன் முடிவில் வரும் எப்சிலான் அலையும் மழுங்கிவிடும். 150 ஹெர்ட்ஸில் வைத்துவிட்டு, குளிரில் நடுங்குபவருக்குப் போர்வை கொடுங்கள். பயிற்சி முடித்த கையோடு எடுக்கவும் வேண்டாம். ஐந்து முதல் பத்து நிமிடம் படுத்து ஓய்ந்த பிறகு எடுங்கள்.

மெஷினே "இடது வென்ட்ரிக்கிள் தடிப்பு, அசாதாரண ஈசிஜி" என்று அச்சடித்துவிட்டது. நம்பலாமா?

இடைவெளி அளவுகளை ஒரு தொடக்கமாக எடுத்துக்கொள்ளலாம். தீர்ப்பை விட்டுவிடுங்கள்.

ஒரு தாளைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். 19 வயது நெடுந்தூர ஓட்டக்காரர் என்று கொள்வோம். ஆர்-ஆர் இடைவெளி 34 சின்னக் கட்டம், அதாவது 1.36 விநாடி, துடிப்பு 44. பிஆர் 260 மில்லி விநாடி. வி1இல் எஸ் 18 மி.மீ., வி5இல் ஆர் 26 மி.மீ., கூட்டினால் 44. எல்லை 35. வி3, வி4இல் ஜே புள்ளி (க்யூஆர்எஸ் முடிந்து எஸ்டி தொடங்கும் இடம்) 2 மி.மீ. உயர்ந்து, எஸ்டி மேலேறிப் போய் உயரமான டி அலையில் முடிகிறது. வி1இல் சின்ன ஆர்எஸ்ஆர், க்யூஆர்எஸ் அகலம் 110. மெஷின் இதில் ஐந்து "கோளாறு" சொல்லும். சர்வதேச அளவுகோலில் ஐந்தும் இயல்பு. மேற்கொண்டு எக்கோ (இதய அல்ட்ராசவுண்ட்) தேவையில்லை.

அலை உயரம் மட்டும் தனியாக இருப்பது நோயைக் காட்டுவதில்லை. தடித்த இதயத்தசை நோயில் உயரம் மட்டும் தனியாக வருவது அபூர்வம். உயரத்தோடு கவிழ்ந்த டி அலையோ, எஸ்டி இறக்கமோ, நோயளவு க்யூ அலையோ சேர்ந்தால் கதையே வேறு.

துடிப்பு எவ்வளவு குறையலாம்?

நிமிடத்துக்கு 30 வரை இயல்பின் கணக்கில் வரும். 30க்குக் கீழே போனாலோ, 3 விநாடி அல்லது அதற்கு மேல் இடைநின்றாலோ விசாரிக்க வேண்டும். பிஆர் 400 மில்லி விநாடிக்குள் இருந்தால் கவலையில்லை. பிஆர் படிப்படியாக நீண்டு ஒரு துடிப்பு விட்டுப்போகும் மோபிட்ஸ் முதல் வகையும் வேகஸின் வேலைதான். முன்னறிவிப்பில்லாமல் துடிப்பு விட்டுப்போகும் இரண்டாம் வகையும், மேலறைத் தூண்டல் கீழறைக்கு வரவே வராத முழு அடைப்பும் எந்த வீரருக்கும் இயல்பல்ல.

சந்தேகம் வந்தால் படுக்கை ஓரத்திலேயே ஒரு சோதனை: 20 தடவை உட்கார்ந்து எழச் சொல்லி உடனே மறுபடி எடுங்கள். வேகஸால் வந்தது துடிப்பு ஏறியதும் மறைந்துவிடும். இன்னொரு பொறி, பி அலையும் க்யூஆர்எஸ்ஸும் தொடர்பில்லாமல் ஓடுவதைக் கண்டதும் "முழு அடைப்பு" என்று எழுதிவிடுவது. எண்ணிப் பாருங்கள். பி அலைகள் அதிகமாகவும் க்யூஆர்எஸ் குறைவாகவும் இருந்தால் அது அடைப்பு. க்யூஆர்எஸ் வேகம் பி அலைக்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருந்தால், துடிப்பை வழக்கமாகத் தொடங்கிவைக்கும் சைனஸ் மெதுவானதால், மேலறைக்கும் கீழறைக்கும் நடுவிலுள்ள சந்திப்பு முனை முந்திக்கொண்டது, அவ்வளவே.

டி அலை கவிழ்ந்திருந்தால்?

இந்தப் பக்கத்தின் மிக முக்கியமான பதில் இதுதான். 1 மி.மீ. அல்லது அதற்கு மேல் ஆழமாக, அடுத்தடுத்த இரண்டு லீடுகளில் கவிழ்ந்திருந்தால் அசாதாரணம். ஏவிஆர், லீடு மூன்று, வி1 ஆகியவை கணக்கில் சேரா. எங்கே கவிழ்ந்திருக்கிறது என்பதில்தான் பொருள் இருக்கிறது.

வி5 அல்லது வி6இல் கவிழ்ந்திருந்தால் ஒரு லீடே போதும். பக்கவாட்டில் கவிழ்வதைப் பயிற்சியின் மேல் போடாதீர்கள், வீரர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் சரி. தடித்த இதயத்தசை நோய், குறிப்பாக நுனிப்பகுதி மட்டும் தடிக்கும் வகை, இங்கேதான் முதலில் முகம் காட்டும். எக்கோவில் நுனி சரியாகத் தெரியாமல் போகலாம். "எக்கோ நார்மல்" என்ற வரியோடு கோப்பை மூடுவது இந்த இடத்தில் செய்யப்படும் பெரிய பிழை. காடோலினியம் என்ற மருந்தைச் செலுத்தி எடுக்கும் இதய எம்ஆர்ஐ, ஓடவிட்டு ஈசிஜி பார்க்கும் டிரெட்மில், உடம்பில் கட்டி 24 மணி நேரம் ஈசிஜி பதியும் ஹோல்டர் மூன்றும் வேண்டும். அவையும் சுத்தமாக வந்தால் வீரர் விளையாடலாம், ஆனால் ஆண்டுக்கு ஒரு முறை திரும்பி வர வேண்டும். இத்தாலியில் 12,550 வீரர்களின் பதிவுகளிலிருந்து, டி அலை ஆழமாகக் கவிழ்ந்தும் இதயத்தில் குறை எதுவும் தெரியாத 81 பேரைத் தொடர்ந்து கவனித்தார்கள். 2008இல் வெளியான அந்த ஆய்வில் 5 பேருக்குப் பின்னாளில் இதயத்தசை நோய் வெளிப்பட்டது. தாள் முதலில் பேசியது, தசை பிறகுதான் காட்டியது.

வி2 முதல் வி4 வரை கவிழ்ந்தால் வலது வென்ட்ரிக்கிளின் தசை கொழுப்பாகவும் நாராகவும் மாறும் நோயைத் தேட வேண்டும். இங்கே ஜே புள்ளி உதவும். அது 1 மி.மீ.க்கு மேல் உயர்ந்து, எஸ்டி குவிந்து எழுந்து, பிறகு டி கவிழ்ந்தால் தகவமைப்பாக இருக்க வாய்ப்பு அதிகம். எஸ்டி அடிக்கோட்டிலேயே தட்டையாகக் கிடந்து டி கவிழ்ந்தால் சந்தேகம் வலுக்கும். வி3இல் மட்டும் பாதி மேல் பாதி கீழாக இருக்கும் டி அலையைப் பொருட்படுத்த வேண்டியதில்லை.

கீழ்ப்புற லீடுகளான இரண்டு, ஏவிஎஃப் இரண்டிலும் கவிழ்ந்தால் எக்கோவாவது எடுத்தாக வேண்டும்.

இதில் விதிவிலக்கு யாருக்கு?

இரண்டு தரப்புக்கு. 16 வயது நிறையாதவர்களுக்கு வி1 முதல் வி3 வரை கவிழ்ந்திருப்பது பிள்ளைப் பருவத்தின் மிச்சம். கறுப்பின வீரர்களுக்கு ஜே புள்ளி உயர்ந்து, எஸ்டி குவிந்து மேலெழுந்து, பின் வி4 வரை டி கவிழ்வது இயல்பு. வி5, வி6க்கு யாருக்கும் விலக்கு இல்லை.

எஸ்டி உயர்வும் ப்ருகாடாவும் ஒன்றுபோலத் தெரிகின்றனவே, எப்படிப் பிரிப்பது?

வீரரின் எஸ்டி ஜே புள்ளியிலிருந்து மேலே ஏறும். ப்ருகாடா என்பது திடீர் மரணத்தில் முடியக்கூடிய இதய மின்கோளாறு. அதன் முதல் வகையில் 2 மி.மீ. அல்லது அதற்கு மேல் உயரத்தில் தொடங்கி, மலைச்சரிவுபோல இறங்கி, கவிழ்ந்த டி அலையில் முடியும். வி1 முதல் வி3 வரையிலான லீடுகளில் ஒன்றில் இருந்தாலே போதும். கண்ணுக்குப் பிடிபடாவிட்டால் ஸ்கேல் எடுங்கள்: ஜே புள்ளியின் உயரத்தை அளந்து, 80 மில்லி விநாடி தள்ளி, அதாவது சரியாக இரண்டு சின்னக் கட்டம் தாண்டி, மறுபடி அளந்து, முதலாவதை இரண்டாவதால் வகுங்கள். விடை ஒன்றுக்கு மேல் என்றால் கோடு இறங்குகிறது, ப்ருகாடா பக்கம். ஒன்றுக்குக் கீழ் என்றால் ஏறுகிறது, பயிற்சியின் பக்கம்.

எஸ்டி இறக்கத்துக்கு இத்தனை விவாதம் இல்லை. அடுத்தடுத்த இரண்டு லீடுகளில் அரை மி.மீ. இறங்கினாலே அசாதாரணம்.

க்யூ அலை?

அடுத்துள்ள ஆர் அலையின் கால் பங்கோ அதற்கு மேலோ ஆழம், அல்லது 40 மில்லி விநாடி அகலம், இரண்டு அடுத்தடுத்த லீடுகளில். மூன்றும் ஏவிஆரும் கணக்கில் இல்லை. வெறும் மி.மீ. ஆழத்தைப் பார்த்த பழைய முறையில் ஆர் உயரமான வீரர்கள் எல்லாரும் மாட்டிக்கொண்டார்கள். விகிதத்தில் பார்ப்பது அதற்கான திருத்தம். வி1, வி2இல் மட்டும் க்யூஎஸ் தெரிந்தால் முதலில் எலக்ட்ரோடு இடத்தைச் சந்தேகியுங்கள்.

க்யூடியை எப்படி அளப்பது? மெஷின் சொல்வதே போதாதா?

எல்லையை ஒட்டி வரும்போது கையால் அளக்காமல் முடிவெடுக்கக் கூடாது. க்யூடி என்பது க்யூஆர்எஸ்ஸின் தொடக்கத்திலிருந்து டி அலையின் முடிவு வரையிலான நேரம். லீடு இரண்டு அல்லது வி5ஐ எடுங்கள். டி அலையின் இறங்கு சரிவில் மிகச் செங்குத்தான இடத்தை ஒட்டி ஒரு நேர்கோடு வரையுங்கள். அது அடிக்கோட்டை வெட்டும் இடம்தான் டி அலையின் முடிவு. வீரர்களுக்கு டி அலைக்குப் பின் சின்ன யூ அலை இருப்பது சகஜம். அதைச் சேர்த்து அளந்து க்யூடியை நீட்டி, ஒரு பிள்ளையின் விளையாட்டையே நிறுத்திவிடும் பிழை நடக்கக்கூடியது.

பிறகு பாஸெட் கணக்கு: க்யூடியை, விநாடியில் உள்ள ஆர்-ஆரின் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும். மேலே சொன்ன ஓட்டக்காரரின் க்யூடி 460 என்றால், 1.36இன் வர்க்கமூலம் ஏறத்தாழ 1.17, திருத்திய க்யூடி சுமார் 394. ஆணுக்கு 470, பெண்ணுக்கு 480 எட்டினால் விசாரணை. 500 எட்டினால் அவசரம்.

இந்தக் கணக்கு துடிப்பு 60 முதல் 90 வரை ஒழுங்காக வேலை செய்யும். பதற்றத்தில் 100 துடிக்கும் ஒரு பெண்ணுக்கு க்யூடி 370 என்றால் திருத்திய அளவு 478 வரும், எல்லையின் ஓரத்தில். ஓய்வெடுத்து 70க்கு இறங்கிய பின் க்யூடி 400 என்றால் 432தான். ஆகவே 90க்கு மேல் இருந்தால் ஓய்வு கொடுத்தும், 50க்குக் கீழ் இருந்தால் சற்று நடக்கவிட்டும் மறுபடி எடுக்க வேண்டும்.

"பார்டர்லைன்" என்று தனியாக ஒரு பட்டியல் இருக்கிறதாமே?

ஐந்து உண்டு: இதய மின்னோட்டத்தின் அச்சு இடப்பக்கம் சாய்தல், அச்சு வலப்பக்கம் சாய்தல், இடது மேலறை பெரிதாதல், வலது மேலறை பெரிதாதல், முழு வலது கட்டுக்கிளை அடைப்பு. ஒன்று மட்டும் தனியாக இருந்தால், அறிகுறியும் குடும்ப வரலாறும் இல்லாதவரை விட்டுவிடலாம். இரண்டு சேர்ந்தால் எக்கோ. முழு இடது கட்டுக்கிளை அடைப்பு இந்தப் பட்டியலில் இல்லை. அது ஒன்றே போதும், நேராக விசாரணைதான். காரணம் எதுவானாலும் க்யூஆர்எஸ் 140 மில்லி விநாடியைத் தொட்டால் அதுவும் அப்படியே.

டெல்டா அலை தெரிகிறது. விளையாடலாமா?

பிஆர் 120க்குக் கீழ், க்யூஆர்எஸ் தொடக்கம் இழுவையாக (அதுதான் டெல்டா அலை), அகலம் 120 அல்லது மேல்: மேலறைக்கும் கீழறைக்கும் இடையே கூடுதல் மின்பாதை இருக்கிறது. பிஆர் மட்டும் குறுகி டெல்டா இல்லையென்றால் விட்டுவிடலாம். டெல்டா இருந்தால் டிரெட்மில்லில் ஏற்றுங்கள். ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் இடையில் டெல்டா சட்டென்று முழுதாக மறைந்தால் அந்தப் பாதை பலவீனமானது. மெல்ல மெல்லத் தேய்ந்தால் அப்படிச் சொல்ல முடியாது. வேகஸ் தளர்ந்து வழக்கமான பாதை முந்துவதாலும் அப்படித் தெரியலாம். அப்போது மின் உடலியங்கியல் ஆய்வு. மேலறை நடுக்கத்தின்போது இந்தப் பாதை வழியாக வரும் துடிப்புகளின் மிகக் குறுகிய இடைவெளி 250 மில்லி விநாடி அல்லது அதற்குக் கீழ் என்றால் ஆபத்து அதிகம், பாதையைச் சுட்டு அடைத்துவிடுவதே வழி.

இடையில் ஒரு கூடுதல் துடிப்பு விழுந்தது. பயப்பட வேண்டுமா?

பத்து விநாடித் தாளில் வென்ட்ரிக்கிளில் பிறந்த கூடுதல் துடிப்பு இரண்டு அல்லது மேல் என்றால் ஹோல்டர், எக்கோ, டிரெட்மில். 24 மணி நேரத்தில் 2,000க்குக் குறைவு, எக்கோ சுத்தம், உழைப்பில் மறைகிறது என்றால் பெரும்பாலும் அங்கேயே நிற்கலாம். 2,000ஐத் தாண்டினாலோ, தொடராக வந்தாலோ, உழைக்க உழைக்கக் கூடினாலோ எம்ஆர்ஐ வேண்டும். ஹோல்டரைக் கட்டிக்கொண்டு நாள் முழுக்கச் சோபாவில் கிடந்தால் பயனில்லை, அன்றும் வழக்கமான பயிற்சியைச் செய்ய வேண்டும்.

எக்கோவில் சுவர் 14 மி.மீ. என்று வந்தால்?

13 முதல் 15 வரை சாம்பல் நிறப் பகுதி. அறையின் உள்விட்டம் 55 மி.மீ.க்கு மேல் விரிந்திருந்தால் பயிற்சி. 45க்குக் கீழ் சுருங்கியிருந்தால் நோய் என்ற பக்கம் சாயும். ஈசிஜியில் பக்கவாட்டு டி அலை நிமிர்ந்திருக்கிறதா என்று திரும்பிப் பாருங்கள். அப்படியும் முடிவாகாவிட்டால் பயிற்சியை மூன்று மாதம் நிறுத்தி மறுபடி அளக்க வேண்டும். பயிற்சியால் தடித்தது மெலியும். போட்டிக் காலத்தின் நடுவில் இதற்கு ஒப்புக்கொள்ளும் வீரர் குறைவு, ஆகவே சீசன் முடியும் நேரம் பார்த்துச் சொல்லுங்கள்.

ஈசிஜி சுத்தமாக இருந்தால் முழுப் பாதுகாப்பா?

இல்லை. கரோனரி நாளம் தவறான இடத்தில் பிறந்திருப்பது, உழைப்பில் மட்டும் தலைகாட்டும் கேட்டகோலமைன் சார்ந்த துடிப்புக் கோளாறு, பெருந்தமனி விரிவு ஆகியவை ஓய்வு ஈசிஜியில் பெரும்பாலும் தெரியாது. பரிசோதனைக்குப் பிறகு வரும் இதயத்தசை அழற்சிக்குப் பழைய தாள் என்ன செய்யும்? இங்கிலாந்தில் 11,168 இளம் கால்பந்து வீரர்களைச் சோதித்து 2018இல் வெளியிட்டார்கள். 42 பேரிடம் ஆபத்தான நோய் கண்டுபிடிக்கப்பட்டது. பின்னாளில் இதய நோயால் இறந்த 8 பேரில் 6 பேர் பரிசோதனையில் இயல்பு என்று சொல்லப்பட்டவர்கள். 2021 ஜூன் 12 அன்று கோபன்ஹேகனில் சரிந்து விழுந்த டென்மார்க்கின் கிறிஸ்டியன் எரிக்சனை மீட்டது மைதானத்தில் உடனே கிடைத்த டிஃபிபிரிலேட்டர், அதாவது மின்னதிர்ச்சி கொடுத்துத் துடிப்பை மீட்கும் கருவி. அந்தக் கருவி எங்கே இருக்கிறது, யார் ஓடி எடுத்துவருவார் என்பது ஆட்டத்துக்கு முன்பே முடிவாகியிருக்க வேண்டும்.

அப்படியென்றால் எல்லா வீரருக்கும் எடுப்பதில் அர்த்தம் உண்டா?

உலகம் இதில் ஒத்துப்போகவில்லை. இத்தாலி 1982 முதல் சட்டமாகவே வைத்திருக்கிறது. அங்கே வெனெட்டோ பகுதியில் இளம் வீரர்களின் திடீர் இதய மரணம் ஆண்டுக்கு லட்சத்துக்கு 3.6 என்பதிலிருந்து 0.4 ஆகக் குறைந்ததாக 2006இல் அறிவித்தார்கள். 1997இல் சட்டம் கொண்டுவந்த இஸ்ரேலில் அப்படி ஒரு சரிவு தென்படவில்லை. அமெரிக்க இதயச் சங்கம் 2014இல், கேள்விகளும் உடற்சோதனையும் சேர்ந்த 14 அம்சப் பட்டியல் போதும் என்றது. எங்கள் கணிப்பு: வாசிக்கத் தெரிந்தவரும், மேல்விசாரணைக்கு வழியும் இருந்தால் எடுக்கலாம். இரண்டும் இல்லாத இடத்தில் எடுப்பது பயத்தை விநியோகிப்பதில் முடியும்.

35 வயதைத் தாண்டியவர்களுக்கு?

அங்கே முதல் எதிரி கரோனரி அடைப்பு. ஓய்வு ஈசிஜி அதைப் பெரும்பாலும் காட்டாது. ரத்த அழுத்தம், கொழுப்பு, சர்க்கரை, புகை, குடும்ப வரலாறு ஆகியவற்றை வைத்து டிரெட்மில்லோ சிடி ஸ்கேனோ வேண்டுமா என்று முடிவு செய்ய வேண்டும்.

அறிக்கையில் என்ன எழுத வேண்டும்?

வயது, பாலினம், இனம், விளையாட்டு, வாரப் பயிற்சி நேரம், கடைசியாகப் பயிற்சி செய்தது எப்போது, அண்மையில் காய்ச்சல் வந்ததா. பிறகு துடிப்பு, பிஆர், க்யூஆர்எஸ், கையால் அளந்த க்யூடி, அளந்த லீடு. முடிவில் "இயல்பு", "ஒரு பார்டர்லைன்", "அசாதாரணம், மேல்விசாரணை முடியும்வரை போட்டி வேண்டாம்" என்ற மூன்றில் ஒன்று. "மருத்துவரீதியாகப் பொருத்திப் பார்க்கவும்" என்று எழுதித் தப்பித்துக்கொள்ளாதீர்கள். அதைப் படிக்கும் பயிற்சியாளருக்கு அன்று மாலை பிள்ளையை இறக்கலாமா கூடாதா என்று தெரியாது. தாளின் நகலை வீரர் கையிலேயே கொடுங்கள், வெப்பத்தாள் என்றால் ஸ்கேன் செய்து. சில ஆண்டுகளில் எழுத்து மங்கிவிடும், அடுத்து பார்ப்பவர் முதலில் கேட்பது பழைய ஈசிஜியைத்தான்.